குசினி மாமாவின் வாய்

வட்டுக்கோட்டையில் அந்த வீட்டுப் படலையில் தியாகராசா சைக்கிளைச் சாத்தியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கறுத்த நாயொன்று சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. பின்வாங்கியவன் பிறகுதான் கவனித்தான். நாய் கழுத்து நரம்பு புடைக்கக் குரைக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை. சங்கிலி சிமெந்துத் தரையில் இழுபடுகிறது. அதுவும் சத்தம் போடவில்லை. வயது போன நாய், தொண்டை கட்டியிருக்கும் என்று முடிவுகட்டினான். சங்கிலிக்கும் தொண்டை கட்டுமா என்று அவன் கேட்டுப்பார்க்கவில்லை. ஆசைப்பட்ட பொருள் கிட்டத்தில் இருக்கும்போது தியாகராசா எதையும் இரண்டாம் தரம் யோசிக்கிற ஆள் இல்லை.

அவன் தேடி வந்தது ஒரு பழைய படமெசின்.

நல்லூரில், வீட்டோடு ஒட்டினாற்போல, அவனுக்கு ஒரு தகரக் கூரை மண்டபம் இருந்தது. கரண்ட் இருந்த காலத்தில் அங்கே ரீவியும் வீடியோ டெக்கும் வைத்துப் படம் ஓட்டி நன்றாகத்தான் இருந்தான். தொண்ணூறில் சண்டை மூண்டு கரண்ட் போயிற்று. பிறகு ஜெனரேற்றரில் ஓட்டினான். மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைந்தான். கடைசியில் ஜெனரேற்றரே அவனுக்கு எதிரியாயிற்று. எங்கோ ஒரு ஊரில் ஜெனரேற்றர் இரைச்சலோடு படம் பார்த்துக்கொண்டிருந்த சனம், தலைக்கு மேலே குண்டு போடுகிற பொம்பர் வந்தது கேளாமல் இருந்த இடத்திலேயே போய்விட்டதாம். அந்தக் கதை பரவியதன் பிறகு மண்டபத்துக்கு ஒரு காகமும் வரவில்லை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு உயிர் காதில் இருந்தது. சத்தம் கேட்டால் முற்றத்தில் வெட்டிவைத்த பங்கருக்குள் ஓடலாம். கேட்காவிட்டால் கதை முடிந்தது.

அப்போதுதான் இந்த மெசினைப் பற்றிக் கேள்விப்பட்டான். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு மனுசன் ஊர் ஊராய் வண்டிலில் கொண்டு திரிந்து படம் காட்டியது. கையால் சுற்றுவது. கரண்ட் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், படத்தில் பேச்சும் இல்லை. கேட்ட அன்று தியாகராசாவுக்கு நித்திரை வரவில்லை. கண்ணைப் படத்துக்குக் கொடுத்துவிட்டுக் காதை வானத்துக்கு விட்டுவைக்கலாம். இதைவிடப் பத்திரமான படம் உலகத்தில் உண்டா?

வீட்டுக்காரி அருமைநாயகி அவனை உள்ளே கூப்பிடவில்லை. விறாந்தையில் நின்று அவனைப் பார்த்தவள், முற்றம் கடந்து, படலையும் கடந்து, ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். படம் காட்டித் திரிந்த அந்த மனுசனின் ஒரே மகள். ஐம்பது வயது இருக்கும். மரியாதை தெரியாத பொம்பிளை என்று தியாகராசா நினைத்தான்.

"என்ன அலுவல்?"

"உங்கடை ஐயாவின்ரை படமெசின் ஒண்டு கிடக்கெண்டு கேள்விப்பட்டனான்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிள்ளையள் இருக்கே?"

"ஒரு பொம்பிளைப்பிள்ளை. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா கேட்டனான்." அவள் பார்வை ஒருதரம் நிலத்துக்குப் போய் மீண்டது. "கொண்டு போங்கோ. ஆனால் திருப்பி இஞ்சை கொண்டுவரப்படாது. நான் கூப்பிட்டுத் தரேல்லை. நீங்கள் கேட்டு எடுக்கிறியள். அப்பிடித்தானே?"

"ஓம்."

"ஓம் எண்டால் காணாது. வாயாலை சொல்லுங்கோ."

"நான் கேட்டு எடுக்கிறன்," என்றான் தியாகராசா. பைத்தியத்தோடு என்ன பேச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

மெசினையும், ஒற்றைப் படச்சுருள் இருந்த தகரப்பெட்டியையும் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டான். ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது பின்னால் நாய் குரைத்தது. ஊரே கேட்கிற குரைப்பு. அதோடு சேர்ந்து ஒரு பொம்பிளை வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதே குரல் ஓவென்று அழுதது.

அவன் திரும்பிப் பார்க்காமல் மிதித்தான்.

மண்டபத்தை இருட்டாக்குவது பெரிய வேலையாக இருக்கவில்லை. யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்தான். வெளிச்சத்துக்கு அவன் கண்டுபிடித்த வழியைப் பற்றித்தான் நல்லூர் முழுக்கப் பேச்சு. மனைவி குணலட்சுமியின் சீதன அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி முற்றத்தில் கதிரை மேல் சாய்த்து வைத்தான். அது வெயிலை வாங்கிக் கதவில் போட்டிருந்த துளைக்குள் எறியும். துளைக்கு நேரே மெசின். எதிரே திரையாக ஒரு வெள்ளை வேட்டி. சூரியன் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பவேண்டும். அது குணலட்சுமியின் வேலை. உள்ளே தியாகராசா கைபிடியைச் சுற்றுவான். சுற்றுகிற கை நின்றுவிட்டால் குவிந்து விழுகிற வெயிலில் பிலிம் பற்றிவிடும். அதனால் படம் தொடங்கினால் முடியும்வரை அவன் அந்த இடத்தை விட்டு அசைய ஏலாது.

"சீதனத்தை வெயிலிலை போட்டு வாட்டுறியள்," என்றாள் குணலட்சுமி.

"சீதனம் இப்பதான் உழைக்குது. பேசாமல் திருப்பும்."

அவர்களுடைய மகள் பத்மாசினிக்கு ஆறு வயது. கண் விழித்த நேரம் முதல் கண் மூடும்வரை வாய் ஓயாத பிள்ளை. கோழியோடு கதைப்பாள், வாழையோடு கதைப்பாள், பங்கருக்குள் இருக்கும்போது பயத்தில் உறைந்துபோன பெரிய ஆட்களுக்கும் தேவாரத்தில் பிழை திருத்துவாள். ஒருக்கால் வாயை மூடடி என்று தாய் கெஞ்சாத நாள் இல்லை. அந்த வீட்டில் பிள்ளையைத் தேட வேண்டிய அவசியமே வந்ததில்லை.

படத்தில் ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரன். பெருத்த வயிறும், முகத்தில் பாதியை மூடிய மீசையும். பிள்ளைகள் முதல் நாளே அவனுக்குக் குசினி மாமா என்று பேர் வைத்துவிட்டார்கள். விருந்துக்குச் சேவல் பிடிக்க ஓடுவான். சேவல் அவனைச் சுற்றடிக்கும். அடுக்கிவைத்த பீங்கான் கோப்பைகள் கூரைவரை எழும்பி நிற்கும். அதற்குள் போய் விழுவான். கிணற்றடியில் வாளிக் கயிறு காலில் சுற்றித் தலைகீழாய்த் தொங்குவான். எல்லாம் முடிந்து, உடைந்த பீங்கான்களுக்கு நடுவே நின்று, பார்க்கிறவர்கள் பக்கம் திரும்பி, ஏதோ சொல்வதற்கு வாயைத் திறப்பான்.

அதோடு படம் முடிந்துவிடும்.

சனம் சிரித்த சிரிப்பை என்னவென்று சொல்ல! தாலி அறுத்தவளும் சிரித்தாள், மகனைப் பறிகொடுத்தவனும் சிரித்தான். ஒரே படம், மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். பிரசவத்துக்கு நாள் குறித்த பொம்பிளையொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் இருந்து பார்த்தாள். உடைகிற பொருள் சத்தம் போடாமல் உடைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்கு அலுக்கவில்லை.

"எனக்கு உதிலை என்ன பிடிச்சதெண்டால், தம்பி," என்றார் ரியூசன் நடத்துகிற முத்துக்குமாரு மாஸ்ரர், "அவன் விழுறான், பேந்து எழும்புறான். விழுந்த ஒருத்தன் எழும்பினதைக் கண்டு கனகாலம்."

தியாகராசாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மனுசன் தானே அந்தப் படத்தை எடுத்தவன் மாதிரி நடந்துதிரிந்தான்.

முதலில் காணாமற்போனது கிணற்றுக் கப்பியின் சத்தம். வருசக்கணக்காய்க் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கப்பி. எண்ணெய் விட்டுவிட்டான் என்று குணலட்சுமி நினைத்தாள். எண்ணெய் விடவில்லை என்று அவன் சொன்னான். பிறகு ஒரு விடியற்காலை அவள் முற்றத்தில் நின்று சேவலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேவல் மதிலில் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை நீட்டிக் கூவியது. ஒரு மூச்சுக்கூட வெளியே வரவில்லை.

அன்று மண்டபத்தில், குசினி மாமாவின் கையில் இருந்து திமிறிய சேவல் கூவியது.

எல்லோருக்கும் கேட்டது.

முன்வரிசைப் பிள்ளைகள் துள்ளி எழும்பினார்கள். பிறகு ஆரவாரம்.

"ஆரப்பா வேட்டிக்குப் பின்னாலை?" என்றார் மாஸ்ரர்.

தியாகராசா சிரித்துக்கொண்டே சுற்றினான். பின்னால் ஒருவரும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் புகழ் தானாய் வந்து மடியில் விழும்போது தட்டிவிடுவதற்கு அவன் என்ன துறவியா? நாலு நாள் போகக் கிணற்றடிக் காட்சியில் கப்பி கிறீச்சிட்டது. சனம் அவனைக் கெட்டிக்காரன் என்றது. அவனும் இருக்கலாம் என்று நினைத்தான்.

குசினிக்குள் நடந்ததைக் குணலட்சுமிதான் கவனித்தாள். அவள் கையிலிருந்து நழுவிய செம்பு நிலத்தில் விழுந்து உருண்டது. சத்தமே இல்லை. எடுத்து மறுபடி போட்டாள். இல்லை. மத்தியானம் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கதவுத் துளையால் அது கேட்டது. படத்தில் பீங்கான் அடுக்குச் சரிகிற இடம். பீங்கான் உடைகிற சத்தம் வரவில்லை. செம்பு உருளுகிற சத்தம் வந்தது.

"அது என்ரை அம்மா தந்த செம்பு," என்றாள் அன்று பின்னேரம். "அதின்ரை சத்தம் எனக்குத் தெரியும். உந்தப் படம் எங்கடை வீட்டைத் தின்னுது. நிப்பாட்டுங்கோ."

"விசர்க்கதை கதையாதையும்."

"வட்டுக்கோட்டையிலை அந்த நாய் குரைக்கேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

"கிழட்டு நாய்."

"நீங்கள் வெளிக்கிட்டாப் பிறகு குரைச்சதெண்டும் சொன்னியள்."

அவன் எழும்பிப் போனான். பதில் தெரிந்திருந்ததால்தான் எழும்பிப் போனான். ஆனால் அடுத்த நாள் படத்துக்கு ஒழுங்கை முடியுமட்டும் சனம் காத்துக்கொண்டு நின்றது.

அன்று வெயில் நெருப்பாய் எரிந்தது. மண்டபத்துக்குள் வியர்வையும் நல்லெண்ணெயும் தகரச் சூடும் கலந்த மணம். பத்மா வழமைபோல முன்னுக்கு, வேட்டியை எட்டித் தொடுகிற தூரத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். தியாகராசா சுற்றத் தொடங்கினான். சேவல் ஓடியது. குசினி மாமா துரத்தினான். சனம் சிரித்தது.

சிரிப்பு வரவர மெலிந்துகொண்டு போனது.

ஆட்கள் குறைந்துவிட்டார்களோ என்று அவன் பார்த்தான். ஒருவரும் போகவில்லை. மாஸ்ரர் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். பொம்பிளைகள் முந்தானையால் கண்ணீர் துடைத்தார்கள். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து விழுந்தார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

மெசினின் கடகடப்பும் இல்லை. கை சுற்றுவது அவனுக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. தன் காது போய்விட்டது என்று நினைத்தான். நிறுத்தலாம் என்றால் பிலிம் பற்றும். பிலிம் பற்றினால் மண்டபம் பற்றும். சுற்றினான். அவன் மகள் தலையைப் பின்னுக்குச் சரித்து, கடைவாய்ப் பல் தெரிய, நெஞ்சு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குசினி மாமா விழவில்லை.

அன்று அவன் பீங்கான் அடுக்கின் பக்கம் போகவில்லை. கிணற்றடிக்கும் போகவில்லை. சேவலைக் கீழே விட்டுவிட்டு வேட்டியின் விளிம்புவரை நடந்து வந்து, குனிந்து, முன்வரிசையில் இருந்த பிள்ளையைப் பார்த்தான்.

அந்த முகத்தில் பகிடி இல்லை.

சட்டென்று வேட்டி இருண்டது. தியாகராசாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சனம் எழும்பித் தடுமாற, இருட்டில் தடவிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான். முற்றத்தில் அலுமாரிக் கண்ணாடி துண்டு துண்டாய்க் கிடந்தது. கையில் அம்மிக் குழவியோடு குணலட்சுமி நின்றாள். வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். குரல் இல்லை. மற்றக் கை வானத்தைக் காட்டியது. மதிலுக்கு அப்பால் ஒழுங்கையில் சனம் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் வாசற்படியைத் தாண்டினான்.

எல்லாச் சத்தமும் ஒரேயடியாய் அவன் மேல் விழுந்தது. பொம்பர் குத்தி இறங்குகிற ஊளை. குணலட்சுமியின் அலறல். கோயில் பக்கத்துச் சனத்தின் கூக்குரல். அவன் உள்ளே பாய்ந்து பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினான். பார்த்த சனமும் விளங்கிக்கொண்டு ஓடியது. பங்கருக்குள் கடைசி ஆள் இறங்க முன்னமே நிலம் தூக்கிப்போட்டது.

குண்டு பின் ஒழுங்கையில் விழுந்தது. மண்டபத்தின் கூரைத் தகரம் பாதி பறந்துவிட்டது. மாஸ்ரரின் தோளை ஒரு குண்டுச் சன்னம் கீறிப்போயிருந்தது. உயிருக்கு ஒருவருக்கும் சேதமில்லை. குணலட்சுமி கண்ணாடியை உடைத்திராவிட்டால் அத்தனை பேரும் சிரித்தபடியே போயிருப்பார்கள். அது அவனுக்குத் தெரியும். அதை அவளிடம் வாயால் சொல்லத்தான் அவனுக்கு வரவில்லை.

பங்கரை விட்டு வெளியே வந்தபோது பத்மா அழுதாள். வாய் கோணியது, கண்ணீர் வடிந்தது, தோள் குலுங்கியது.

குரல் வரவில்லை.

அதிர்ச்சி, நாளாகச் சரிவரும் என்றார் டொக்டர். குணலட்சுமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதிர்ச்சியில் பேச்சுப் போகலாம். இருமல் சத்தமும் போகுமா? மூக்குறிஞ்சுகிற சத்தமும் போகுமா? பிள்ளை தொண்டையைப் பிடித்துக்கொண்டு தாயின் முகத்தையே பார்த்தது. கோழியடிக்குப் போய் வாயசைத்துவிட்டுத் திரும்பி வந்தது. வீடு செத்தவீடு மாதிரிக் கிடந்தது.

தியாகராசா யாரிடமோ முகம் பார்க்கிற கண்ணாடியொன்று வாங்கி வந்தான். படச்சுருளுக்கும் மெசினுக்கும் ஒரு கீறலும் விழவில்லை. மண்டபத்தில் கூரை மிஞ்சியிருந்த மூலையைச் சாக்கால் மூடி, தனியே இருந்து சுற்றினான். சேவல் கூவியது. கப்பி கிறீச்சிட்டது. செம்பு உருண்டது. குசினி மாமா உடைந்த பீங்கான்களுக்கு நடுவே நின்று அவன் பக்கம் திரும்பினான். அந்தப் பெரிய மீசைக்குக் கீழே வாய் திறந்தது.

"அப்பா," என்றது பத்மாவின் குரல்.

தியாகராசா சுற்றுகிற வேகம் குறைந்தது.

"அப்பா, நிப்பாட்டாதேங்கோ."

அவன் நிறுத்தவில்லை. படம் முடிந்தது; வெளியே போய்க் கண்ணாடியைத் திருப்பிவிட்டு வந்து சுருளை மறுபடி சுற்றி மாட்டினான். மறுபடியும் சொன்னது. அன்று முழுக்கச் சுற்றினான். அடுத்த நாளும் சுற்றினான். கை கொப்பளித்துத் தோல் உரிந்தது. தன் பிள்ளையின் குரலைக் கேட்க அவனுக்கு வேறு இடம் இல்லை. அந்தக் குரல் அப்பாவைக் கூப்பிட்டது, பசிக்குது என்றது, இருட்டா இருக்கு என்றது. சொல்லச் சொல்லச் சமையல்காரனின் கண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தன. வாய்க்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. அந்தக் கண்களில் இருந்த வெறுப்பைப் பார்த்துக்கொண்டே, அவன் குழந்தையின் சொல்லுக்காகக் காத்திருந்தான்.

குணலட்சுமி ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள். திரும்பிப் போய்க் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள்.

அந்தக் கிழமைதான் குருநகரிலிருந்து றோஸ் வந்தாள். அங்கே கோயில் மண்டபத்து அகதி முகாமில் இருந்த பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். சைக்கிள் மிதித்து வந்த களைப்பில் முகம் சிவந்திருந்தது.

"படம் காட்டுற மெசின் ஒண்டு கிடக்காம், அண்ணை. நீங்களும் இப்ப ஓட்டுறேல்லையெண்டு சொல்லிச்சினம். எங்கடை பிள்ளையள் சிரிச்சுக் கனநாள்."

தியாகராசா அவளைப் பார்த்தான். வட்டுக்கோட்டை ஒழுங்கையும், அந்த நாய் குரைத்த குரைப்பும், பொம்பிளையின் சிரிப்பும் ஒரு நொடியில் அவனுக்குள் ஓடின. மெசின் படலை தாண்டினால் வீடு மீளும். பிள்ளைக்குக் குரல் வரும். எல்லாம் அவ்வளவு இலகு.

"கொண்டு போங்கோ, தங்கச்சி," என்றான். "ஆனால்... கேட்டு எடுக்கிறன் எண்டு உங்கடை வாயாலை சொல்லவேணும்."

றோஸ் சிரித்தாள். "அதுக்கென்ன, நான் கே..."

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கே?" குணலட்சுமி இடையில் வந்து நின்றாள்.

"ரண்டு, அக்கா. முகாமிலை இன்னும் கனபேர்."

"மெசின் பழுது. நீங்கள் போட்டு வாங்கோ."

"எடியே..."

"நீங்கள் போங்கோ, றோஸ்."

றோஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள். அவள் ஒழுங்கை முடக்கைத் தாண்டும்வரை தியாகராசா பொறுத்துக்கொண்டு நின்றான். பிறகு மனைவியின் கையைப் பிடித்து முறுக்கினான். அவன் வாழ்நாளில் செய்யாத காரியம்.

"என்ரை பிள்ளையின்ரை குரல் உதுக்கை இருக்கு."

"தெரியும். எனக்கும் அவள் பிள்ளைதான்." அவள் கையை இழுக்கவில்லை. "அதுக்காக இன்னொருத்தி பெத்ததைக் கொண்டுபோய் உதுக்குத் தீனியாய்த் தீத்துவனெண்டு நினைச்சியளோ? அந்த வட்டுக்கோட்டைக்காரியைப் போலை நானும் வாய்விட்டுச் சிரிக்கவோ?"

அவன் பிடி தளர்ந்தது. அவள் மண்டபத்துக்குள் போய்ப் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முற்றத்து நடுவில் போட்டாள். அவன் தடுக்க ஓடினான் என்பதும் உண்மை, பாதியில் நின்றுவிட்டான் என்பதும் உண்மை. ஒரு நெருப்புக்குச்சிதான். பிலிம் சீறிக்கொண்டு எழும்பியது. மஞ்சள் புகை. மூக்கை அரிக்கிற மணம். குணலட்சுமி வாளித் தண்ணியோடு பக்கத்தில் நின்றாள். தண்ணி தேவைப்படவில்லை, அவ்வளவு வேகமாய் எரிந்து முடிந்தது.

காற்று தெற்கே அடித்தது. புகை மட்டும் காற்றை எதிர்த்து வடக்கே போனது.

வடக்கே, வாழையடியில், பத்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகை அவளைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் மூச்சிழுத்தபோது இல்லாமற்போனது.

மதிலில் சேவல் கூவியது. குணலட்சுமி ஓடிப்போய்க் கிணற்றில் வாளியை இறக்கினாள்; கப்பி கிறீச்சென்றது. குசினிக்குள் போய்ச் செம்பை எறிந்தாள்; அது கணகணவென்று உருண்டது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து அழுதார்கள். அழுகிற சத்தமும் அவர்களுக்குக் கேட்டது. எவ்வளவு நாளைக்குப் பிறகு!

"பத்மா," என்றாள் தாய். "கதை, குஞ்சு. ஒருக்காக் கதை."

பிள்ளை வாயைத் திறந்து மூடியது.

பொறுப்போம் என்றார்கள். கடைசியாய் வர வேண்டியது கடைசியாய் வரட்டும். இரண்டு மூன்று கிழமை பொறுத்தார்கள். அதற்குள் குணலட்சுமிக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிவதில்லை. திரும்பினால் பின்னால் நிற்கும். காய்ந்த பனையோலைக்கு மேலால், நொறுங்கிய ஓட்டுக்கு மேலால் ஓடி வரும். காலடி கேட்காது. ஒருநாள் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றதைத் தற்செயலாய்த்தான் கண்டாள். குரல் வராவிட்டாலும் பரவாயில்லை, கால் எங்கே என்றாவது தெரியட்டும் என்று, அயலில் கேட்டு ஒரு சோடி கொலுசு வாங்கி வந்தாள். முத்து வைத்த கொலுசு. கையில் பிடித்து ஆட்டினாள். முற்றம் முழுக்கக் கலகலத்தது. பிள்ளையை விறாந்தையில் இருத்திக் காலில் பூட்டினாள்.

"நட, குஞ்சு."

பத்மா நடந்தாள். முத்துகள் ஆடின. வெயிலில் மின்னின.

சத்தம் இல்லை.

குணலட்சுமி இன்னொருக்கால் நடக்கச் சொல்லிக் கை காட்டினாள். பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளையை என்ன செய்தாய்" என்று யாரையோ கேட்டுக் குழறியபடி ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்தாள்.

அந்தக் குழறல் பாதியில் அறுந்தது.

கிணற்றடியில் நின்ற தியாகராசா நிமிர்ந்து பார்த்தான். மனைவியின் வாய் திறந்திருந்தது. உடம்பு குலுங்கியது. அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். அவளுடைய குரல்தான் இல்லை; நேற்றுவரை பிள்ளையைக் கட்டிப்பிடித்தபோது இப்படி ஆனதில்லை. பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தது.

அப்போது கேட்டது. வடக்கே, பலாலி விமானத்தளப் பக்கமாய், தூரத்தில். இரண்டாயிருக்கலாம்.

"குணம்," என்று கத்தினான். "பொம்பர். விட்டிட்டு எழும்பும். பங்கருக்கு வாரும்."

அவள் திரும்பவில்லை. அவளுக்கு எப்படிக் கேட்கும்? சத்தம் நெருங்கியது. அவன் ஓடிப்போய் ஒரு கையால் மனைவியையும் மறுகையால் மகளையும் பிடித்தான்.

பொம்பரின் சத்தம் நின்றுவிட்டது.

சேவல் நின்றது. காற்று நின்றது. அவன் மூச்சும் அவனுக்குக் கேட்கவில்லை. இருவரையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள் விழுந்தான். மண்ணும் பனங்குற்றியும் மணத்தன. மூன்று பேரும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு இருட்டில் இருந்தார்கள். நிலம் ஒருதரம் ஆடியது. தலையில் மண் கொட்டியது. பிறகு ஆடவில்லை. போய்விட்டதா, திரும்பி வருகிறதா, இப்போது தலைக்கு மேலே நிற்கிறதா? வெளியே போகலாமா?

குணலட்சுமி அவனைப் பார்த்து வாயசைத்தாள். போட்டுதோ, என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் இருவரில் ஒருவர் பிள்ளையை விட்டு விலகிக் காது கொடுக்க வேண்டும். அதை அவனும் விளங்கிக்கொண்டான், அவளும் விளங்கிக்கொண்டாள்.

தியாகராசா கையை மெல்ல இழுத்தான். பிள்ளை விடவில்லை. கொஞ்சம் பலமாய் இழுத்தான்.

சின்ன விரல்கள் இன்னும் இறுகின.